ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதுமா? உளவியல் சோதனைகளும் நம் பிள்ளைகளும்



"பையனை ஓர் உளவியலாளரிடம் காட்டுங்கள், ஒரு சோதனை செய்து பார்க்கட்டும்" என்று வகுப்பாசிரியர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் என்ன நடக்கும்? "என் பிள்ளைக்கு என்ன, பைத்தியமா பிடித்திருக்கிறது?" என்று அப்பா கோபப்படுவார். அம்மா யாருக்கும் தெரியாமல் கண்ணீர் விடுவார். "இவன் அப்பனும் சின்ன வயதில் இப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று பாட்டி சமாதானம் சொல்வார். ஓராண்டு போய்விடும். இரண்டாண்டும் போய்விடும்.

இன்னொரு வகைப் பெற்றோரும் உண்டு. சோதனை முடிந்து கையில் ஓர் எண் கிடைத்ததும் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். "ஐ.கியூ. 82தானாம், இனி இவனிடம் என்னத்தை எதிர்பார்ப்பது?" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

முதல் வீட்டில், கிடைக்க வேண்டிய உதவி பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது. இரண்டாவது வீட்டில், பிள்ளையின் மீதிருந்த நம்பிக்கை போய்விடுகிறது. உளவியல் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரியாததே இரண்டுக்கும் காரணம். அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

சோதனை என்பது ஒரு பருக்கை

உயரத்தை அளக்க அளவுகோல் இருக்கிறது. காய்ச்சலைப் பார்க்க வெப்பமானி இருக்கிறது. அறிவு, நினைவாற்றல், கவனம், பயம், மனச்சோர்வு ஆகியவற்றை அப்படி நேரடியாக அளக்க முடியாது. அவை செயலில் வெளிப்படும்போதுதான் தெரியும். ஆகவே உளவியலாளர் பிள்ளையிடம் சில வேலைகளைக் கொடுக்கிறார். சில எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்கிறார். வண்ணக் கட்டைகளைப் படத்தில் உள்ளதுபோல் அடுக்கச் சொல்கிறார். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கிறார். பிள்ளை ஒரு மணி நேரத்தில் செய்ததைக் கொண்டு, மற்ற நேரங்களில் அவன் எப்படிச் செய்வான் என்று கணிக்கிறார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். ஆனால், சோறு வடிக்கத் தெரிந்த எவருக்கும் இன்னொன்றும் தெரியும். மேலாகக் கிடக்கும் பருக்கை வெந்திருக்காது. அடியில் இருப்பது குழைந்திருக்கும். கிளறிவிட்டு, நடுவிலிருந்து எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்தால்தான் சரியான பதம் தெரியும். உளவியல் சோதனைக்கு இத்தனை விதிமுறைகள் இருப்பதும் அந்த ஒரு பருக்கையைச் சரியாக எடுப்பதற்காகத்தான்.

உதவி செய்யப் பிறந்த கருவி

இன்று நாம் ஐ.கியூ. சோதனை என்று சொல்வதன் தொடக்கம் பாரிஸ் நகரம். கட்டாயக் கல்வி வந்தபின் பிரான்சில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தார்கள். அவர்களுள் பாடத்தைப் பின்தொடர முடியாத பிள்ளைகளை எப்படிக் கண்டறிந்து உதவுவது என்ற கேள்வி எழுந்தது. அதற்காக 1904ஆம் ஆண்டு அந்நாட்டுக் கல்வி அமைச்சு ஒரு குழுவை அமைத்தது. ஆசிரியரின் அபிப்பிராயத்தை மட்டும் நம்பினால், குறும்பு செய்யும் பிள்ளை மந்தம் என்று ஒதுக்கப்படலாம். வாய் திறக்காத பிள்ளை கவனிக்கப்படாமலே போகலாம்.

குழுவில் இருந்த உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோன் என்ற மருத்துவருடன் சேர்ந்து 1905இல் 30 சிறு வேலைகள் கொண்ட ஒரு சோதனையைத் தயாரித்தார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது போன்ற எளிய வேலையில் தொடங்கி, சொற்களின் நுட்பமான பொருள் வேறுபாட்டைச் சொல்வது வரை அது படிப்படியாகக் கடினமாகும். 1908இல் அதை வயதுவாரியாகப் பிரித்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிவு பிறப்பிலேயே நிர்ணயிக்கப்பட்டது, மாறவே மாறாது என்ற கருத்தைப் பினே கடுமையாக எதிர்த்தார். பின்தங்கிய பிள்ளைகளின் கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கப் பயிற்சிகளையும் வகுத்தார்.

1911இல் பினே காலமானார். மறு ஆண்டே ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன், பிள்ளையின் மன வயதை அதன் உண்மை வயதால் வகுக்கும் யோசனையைச் சொன்னார். 1916இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் அதை 100ஆல் பெருக்கி ஐ.கியூ. என்ற எண்ணைப் பிரபலமாக்கினார். எட்டு வயதுப் பிள்ளை பத்து வயதுப் பிள்ளையைப்போல் செய்தால் ஐ.கியூ. 125. உதவி தேவைப்படும் பிள்ளையைத் தேடுவதற்காகப் பிறந்த கருவி, மெல்ல மெல்ல மனிதர்களைத் தரம் பிரிக்கும் கருவியாகவும் ஆனது.

எண்ணை எப்படிப் படிப்பது?

இன்று அந்தப் பழைய வகுத்தல் கணக்கு பயன்பாட்டில் இல்லை. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றிய டேவிட் வெக்ஸ்லர் 1939இல் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். ஒருவரை அவருடைய வயதினரோடு மட்டும் ஒப்பிடுவதே அந்த முறை. சராசரி 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். நூறு பேரில் ஏறக்குறைய 68 பேர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். 70க்குக் கீழே வருபவர்கள் ஏறக்குறைய இருவர்.

அப்படியானால் முதலில் சொன்ன அந்த 82 என்ன ஆகிறது? சராசரிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணும் கல்லில் செதுக்கியதல்ல. எந்த அளவீட்டிலும் சிறு பிழை உண்டு. நல்ல ஐ.கியூ. சோதனையிலேயே ஐந்தாறு புள்ளிகள் முன்பின் இருக்கலாம். ஆகவே 82 என்பதை, ஏறக்குறைய 76 முதல் 88 வரை என்று படிப்பதே முறை. முறையாக எழுதப்பட்ட அறிக்கையில் இந்த இடைவெளியும் குறிக்கப்பட்டிருக்கும்.

அறிக்கையில் பெர்சன்டைல் என்று ஒரு சொல் வரும். பெற்றோர் பலர் அதைத் தேர்வு மதிப்பெண் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். 30ஆவது பெர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 30 மதிப்பெண் என்று பொருளல்ல. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரைத் திறன்படி வரிசையாக நிறுத்தினால், உங்கள் பிள்ளைக்குப் பின்னால் ஏறக்குறைய 30 பேர் நிற்பார்கள் என்று பொருள். அது சராசரி வட்டத்துக்குள்தான் இருக்கிறது.

மொத்த எண்ணைவிட அதற்குள் இருக்கும் பிரிவுகளே முக்கியம். வெக்ஸ்லரின் சிறார் சோதனை 1949இல் முதன்முதலில் வெளிவந்தது. அதன் ஐந்தாம் பதிப்பு 2014இல் வெளிவந்தது. அது மொழியறிவு, இடம் சார்ந்த அறிவு, புதிய சிக்கலைத் தீர்க்கும் திறன், செயல்படு நினைவு, வேகம் என ஐந்தையும் தனித்தனியே காட்டுகிறது. ஒரு பிள்ளை பேச்சிலும் சிந்தனையிலும் சூட்டிகையாக இருப்பான், ஆனால் வேகத்தில் பின்தங்குவான். இன்னொரு பிள்ளைக்கு மூன்று கட்டளைகளை ஒன்றாகச் சொன்னால் முதலாவது மறந்துவிடும். இருவரின் மொத்த எண்ணும் ஒன்றாக இருக்கலாம். தேவைப்படும் உதவியோ முற்றிலும் வேறு.

நல்ல சோதனைக்கு நான்கு இலக்கணங்கள்

முதலாவது, தரப்படுத்தல். எல்லாருக்கும் ஒரே கட்டளை, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் முறை இருக்க வேண்டும். "பாவம், தெரியவில்லையே" என்று சோதனை நடத்துபவர் கூடுதலாக ஒரு குறிப்புக் கொடுத்தாலும் ஒப்பீடு கெட்டுவிடும்.

இரண்டாவது, ஒப்பீட்டு அளவு. பிள்ளையை யாரோடு ஒப்பிடுகிறோம்? அமெரிக்கப் பிள்ளைகளைக் கொண்டு வகுத்த அளவா, நம் நாட்டுப் பிள்ளைகளைக் கொண்டு வகுத்ததா? எந்த ஆண்டு வகுத்தது? அமெரிக்காவில் ஐ.கியூ. மதிப்பெண்கள் பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி வீதம் உயர்ந்து வந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் எடுத்துக்காட்டினார். ஆகவே அளவுகளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, நம்பகத்தன்மை. இன்று அளந்தாலும் அடுத்த மாதம் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விடை வரவேண்டும்.

நான்காவது, ஏற்புடைமை. எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் உண்மையிலேயே அளக்க வேண்டும். சந்தையில் ஒரு தராசு எப்போதும் 200 கிராம் கூட்டியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து முறை நிறுத்தாலும் ஒரே எடைதான் வரும். நம்பகத்தன்மை உண்டு, ஆனால் எடை தப்பு.

இந்த நான்காவது இலக்கணத்தை மறப்பதால்தான் நம்மவர்கள் பணத்தை இழக்கிறார்கள். விரல்ரேகையைப் பதிவு செய்து, பிள்ளை மருத்துவராவானா, கலைஞனாவானா என்று சொல்லும் சோதனைகள் பேரங்காடிகளில் விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். டி.எம்.ஐ.டி. என்று பெயர். விரல்ரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது, வாழ்நாள் முழுவதும் மாறாது. ஆகவே நூறு முறை பதிந்தாலும் ஒரே ரேகைதான். ஆனால், அந்த ரேகை பிள்ளையின் அறிவையோ எதிர்காலத் தொழிலையோ காட்டுகிறது என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. வண்ண வண்ண வரைபடங்களோடு தடிமனான அறிக்கை கொடுப்பதால் அது உளவியல் சோதனை ஆகிவிடாது.

சோதனையின் மொழி பிள்ளையின் மொழியா?

நம் சமுதாயம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்பது பேர், அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் சேர்க்கப்பட்டார்கள். ஆங்கிலத்தில் நடந்த ஐ.கியூ. சோதனையே அதற்கு ஆதாரம். பிறகு இரு மொழியும் தெரிந்த ஒருவர் அவர்களை ஸ்பானிய மொழியிலும் பதில் சொல்ல அனுமதித்து மறுபடியும் சோதித்தார். சராசரியாக 15 புள்ளிகள் உயர்ந்தன. பெரும்பாலோர் அந்த வகுப்புக்கான எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். டயானா வழக்கு என்று அழைக்கப்படும் இந்த வழக்கு 1970இல் சமரசத்தில் முடிந்தது. பிள்ளையை அதன் முதல் மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று மாநிலக் கல்வித்துறை ஒப்புக்கொண்டது. 1975இல் வந்த அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டமும், பிள்ளையின் தாய்மொழியில் சோதிக்க வேண்டும், ஒரே ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று விதித்தது.

நம் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டு மாணவனை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ் பேசுகிறான். மலாயும் ஆங்கிலமும் இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறான். அவனிடம் ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால், அவன் விழிப்பது அறிவுக் குறைவாலா, அந்தச் சொல்லைக் கேட்டே அறியாததாலா? எண் ஒன்றுதான் வரும். காரணம் எது என்று எண் சொல்லாது.

படங்களையும் வடிவங்களையும் மட்டும் கொண்ட சோதனைகளும் உள்ளன. 1938இல் வெளிவந்த ரேவன் சோதனை இவ்வகை. விடுபட்ட இடத்தில் எந்த வடிவம் பொருந்தும் என்று பிள்ளை காட்டினால் போதும். மொழித்தடை வெகுவாகக் குறையும். ஆனாலும் அது திறனின் ஒரு பகுதியைத்தான் அளக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சோதனை வேறு, மதிப்பீடு வேறு

சோதனை என்பது ஒரு கருவி. மதிப்பீடு என்பது பல கருவிகளைக் கொண்டு பிள்ளையைப் புரிந்துகொள்ளும் முழு வேலை. அதில் நான்கு பகுதிகள் உண்டு: பெற்றோரிடமும் பிள்ளையிடமும் பேசுவது, பிள்ளை நடந்துகொள்வதைக் கவனிப்பது, பள்ளி அறிக்கை, மருத்துவ அறிக்கை, எழுத்துப் புத்தகங்கள் முதலியவற்றைப் பார்ப்பது, கடைசியாகச் சோதனை.

அறிவுசார் குறைபாடு என்று முடிவு செய்யக்கூட ஐ.கியூ. மட்டும் போதாது. தானே உடுத்துவது, காசு கொடுத்துப் பொருள் வாங்குவது, மற்றவரோடு பழகுவது போன்ற அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் குறை இருக்க வேண்டும். அது வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்கவும் வேண்டும்.

வடிகட்டும் சோதனை என்று ஒரு வகை உண்டு. அரசாங்கக் கிளினிக்குகளில் 18 மாதக் குழந்தையைக் கொண்டுபோகும்போது, பெயர் சொன்னால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்றெல்லாம் கேட்டு ஒரு படிவம் நிரப்புவார்கள். எம்-சாட் எனப்படும் இது, ஆட்டிசம் இருக்கக்கூடுமா என்று சந்தேகிப்பதற்கு மட்டுமே உதவும். அதில் புள்ளி கூடினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள். ஆட்டிசம் உறுதி என்று பொருளல்ல.

பெரியவர்களுக்கான ஆளுமைச் சோதனைகள் வேறு வகை. 1943இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உருவான எம்.எம்.பி.ஐ. சோதனை புகழ்பெற்றது. 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 567 வாக்கியங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று பதில் சொல்ல வேண்டும். தன்னை மிக நல்லவராகக் காட்டிக்கொள்பவரையும், இல்லாத நோயைச் சொல்பவரையும் கண்டறியும் கேள்விகள் அதற்குள்ளேயே கலந்திருக்கும். வேலைக்கு மனுச் செய்யும் இளைஞர்கள் இன்று எதிர்கொள்ளும் ஆளுமைச் சோதனைகள் சிலவற்றிலும் இத்தகைய கேள்விகள் உண்டு. ஆகவே நல்ல பதில் எது என்று ஊகிப்பதைவிட உண்மையைச் சொல்வதே மேல்.

இனி, நேயர்கள் பொதுவாகக் கேட்கும் சில கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: சோதனைக்கு முன் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும், காது சரியாகக் கேட்காத பிள்ளையும் சோதனையில் மந்தமாகத்தான் தெரிவார்கள். முதல் நாள் நன்றாகத் தூங்க வைத்து, காலையில் பசியாற வைத்து அழைத்துப் போங்கள். காய்ச்சலாக இருந்தால் தேதியை மாற்றுங்கள். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பதை உளவியலாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பழைய எழுத்துப் புத்தகங்களையும் பள்ளி அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இணையத்தில் கேள்விகள் கிடைக்கின்றன. முன்கூட்டியே பயிற்சி கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். காய்ச்சல் இருக்கும்போது வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் காட்டுவதுபோல் ஆகும். எண் கூடும், ஆனால் பிள்ளைக்குத் தேவையான உதவி கிடைக்காமல் போகும்.

கேள்வி: யாரிடம் போவது?

பதில்: அரசாங்க மருத்துவமனைக்குப் போக, முதலில் அரசாங்கக் கிளினிக் மருத்துவரைப் பார்த்துப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். தனியாரிடம் போவதென்றால் தகுதியைக் கேளுங்கள். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர்கள் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 774இன் கீழும், ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழும் வருகிறார்கள். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

கேள்வி: அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒன்றும் புரியவில்லை. என்ன கேட்பது?

பதில்: ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இந்தச் சோதனை செய்தீர்கள்? எந்த மொழியில் செய்தீர்கள், எந்த நாட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டீர்கள்? என் பிள்ளையின் பலம் எது, பலவீனம் எது? வீட்டில் நாங்களும் பள்ளியில் ஆசிரியரும் என்ன செய்ய வேண்டும்? மறுபடியும் எப்போது பார்க்க வேண்டும்? இவற்றுக்கு உங்களுக்குப் புரியும்படி பதில் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம். மலாயிலோ தமிழிலோ விளக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கேள்வி: சிறப்புக் கல்வி வகுப்பு என்று முடிவானால், அதோடு பிள்ளையின் எதிர்காலம் முடிந்ததா?

பதில்: இல்லை. 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி, பிள்ளைக்குச் சிறப்புத் தேவை இருப்பதை மருத்துவரோ உளவியலாளரோ உறுதிப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகும், அந்த வகுப்பு பிள்ளைக்கு ஏற்றதா என்று பார்க்க மூன்று மாதங்களுக்கு மேற்படாத தகுதிகாண் காலம் ஒன்று உண்டு. ஒரு சோதனை இறுதித் தீர்ப்பல்ல என்பதை விதிமுறையே ஏற்றுக்கொள்கிறது. டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே முறையான பயிற்சி கொடுத்தால் நல்ல முன்னேற்றம் தெரியும். நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு வரை தள்ளிப்போட்டால், வாசிப்புச் சிக்கலோடு "நான் முட்டாள்" என்ற எண்ணமும் சேர்ந்துவிடும். பின்னதை மாற்றுவதுதான் கடினம்.

கேள்வி: பிள்ளையிடம் என்ன சொல்வது?

பதில்: எண்ணைச் சொல்லாதீர்கள். உறவினர் கூடியிருக்கும்போதும் அதைப் பேசாதீர்கள், பிள்ளையின் காதில் விழும். "உனக்குக் கதை சொல்ல நன்றாக வருகிறது. எழுத்துகளைச் சேர்த்துப் படிப்பதுதான் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. அதற்கு வேறொரு வழி இருக்கிறதாம், ஆசிரியர் சொல்லித் தருவார், நானும் கூட இருப்பேன்" என்று சொல்லுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.